தழும்பேறும் நுரையீரலில் புதிய இரத்தக் குழாய்கள்: நன்மையா, தீமையா?

கேள்வி:
காரணம் தெரியாமல் நுரையீரல் தழும்பேறும் ஐ.பி.எஃப். நோய்க்காக என் தந்தைக்கு நின்டெடனிப் எழுதித் தந்திருக்கிறார்கள். இரத்தக் குழாய் வளரத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். புரதத்தின் செயலையும் அது தடுக்கும் என்று படித்தேன். புதிய குழாய்கள் உண்டாவது உடல் தன்னைச் சீர்செய்துகொள்ளும் முயற்சிதானே, அதை ஏன் தடுக்க வேண்டும்? குழாய்கள் பெருகியும், பத்துப் படி ஏறினாலே அவருக்கு ஆக்சிஜன் அளவு இறங்கிவிடுவது ஏன்?

பதில் 1:
இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இந்நோயில் மூச்சுக்குழல் தமனிகளுக்கும் நுரையீரல் இரத்தக் குழாய்களுக்கும் இடையே புதிய இணைப்புகள் உண்டாவதை 1963-இலேயே பிரித்தானிய மருத்துவர் மார்கரெட் டர்னர்-வார்விக் விவரித்தார். மூச்சுக்குழல் தமனிகள் பெருந்தமனியின் பக்கத்திலிருந்து வருபவை. அவற்றில் ஓடுவது ஏற்கெனவே ஆக்சிஜன் ஏற்றிய இரத்தம் என்பதால், அவை எத்தனை பெருகினாலும் காற்றறையிலிருந்து புதிதாக ஆக்சிஜன் ஏறுவதற்கு உதவுவதில்லை.

குழாய்கள் எங்கும் ஒரே சீராகப் பெருகுவதுமில்லை. இரத்தக் குழாய்ச் சுவரைப் பழுப்பாகக் காட்டும் சி.டி.34 சோதனை செய்து நுண்நோக்கியில் பார்த்தால், தழும்புத் திசுவை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் திரண்ட வெளிறிய திட்டுகளுக்குள் குழாய் ஏறக்குறைய இருக்காது. அதிகம் கெடாத அண்டைக் காற்றறைச் சுவர்களிலோ தந்துகிகள் வழக்கத்தைவிட நெருக்கமாகத் தெரியும். முற்றிலும் தழும்பேறித் தேன்கூடு போலான பகுதிகளில் அவை மீண்டும் குறைந்துவிடும். சுவர் தடித்து, காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடைவெளி கூடிவிடுவதால், நடக்கும்போது விரைந்தோடும் இரத்தம் போதிய ஆக்சிஜனை ஏற்றிக்கொள்வதற்குள் கடந்துவிடுகிறது.

பதில் 2:
மருந்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நின்டெடனிப் வி.இ.ஜி.எஃப். ஏற்பிகளோடு, ஃபைப்ரோபிளாஸ்டுகளைப் பெருகத் தூண்டும் பி.டி.ஜி.எஃப்., எஃப்.ஜி.எஃப். ஏற்பிகளையும் தடுக்கிறது, ஆகவே அதன் பலன் முழுவதையும் இரத்தக் குழாய்க் கணக்கில் எழுதுவது சரியாகாது. 2014-இல் வெளியான இன்பல்சிஸ் ஆய்வுகளில், மூச்சுக் கொள்ளளவு ஆண்டுதோறும் குறையும் வேகத்தை அது ஏறத்தாழப் பாதியாக்கியது. உண்டான தழும்பை அது கரைப்பதில்லை என்பதை வீட்டில் இருப்பவர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

பதில் 3:
“நன்மையா, தீமையா” என்று கேட்பதே இங்கே பொருந்தாது என்பது என் கருத்து. வி.இ.ஜி.எஃப். குழாயை வளர்ப்பதோடு, தந்துகிகளின் உட்புறச் செல்களையும் காற்றறைச் செல்களையும் உயிரோடு காக்கிறது. அதைத் தடுப்பதால் இரத்தக் கசிவுக்கும் வாய்ப்புண்டு. தங்கள் தந்தை இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எதுவும் உட்கொண்டால், அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இம்மருந்தால் வயிற்றுப்போக்கு பலருக்கும் வருகிறது. மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடாமல், அளவைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள்.