காளியைப் பற்றி ஐந்து வாக்கியம்: மொரீஷியஸிலிருந்து சில அனுபவங்கள்

ரோஸ் ஹில், தமிழாசிரியை:

விளையாட்டு, சாமி நம்பிக்கை, அன்றாட வழக்கம் ஆகியவற்றைப் பற்றிப் போகிற போக்கில் சொன்ன ஒரு கருத்து, சொன்னவரையோ கேட்டவரையோ மாற்றிய அனுபவம் இருந்தால் எழுதும்படி கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்தில் தவறு என்னுடையது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் சனிக்கிழமைகளில் ஒரு கோயிலின் பின்கூடத்தில் தமிழ் கற்பிக்கிறேன். வருகிற பிள்ளைகள் வீட்டில், பிரெஞ்சிலிருந்து பிறந்த இவ்வூர் மொழியான கிரியோல் பேசுகிறவர்கள், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படிக்கிறவர்கள். தமிழ் அவர்களுக்குத் தேவாரத்திலும் தேர்வுத்தாளிலும் மட்டும் இருக்கிற மொழி. 2024 ஜனவரியில், தைப்பூசத்துக்குக் கொடியேறி விரதம் தொடங்கிய வாரத்தில், ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த எதைப் பற்றியாவது ஐந்து வாக்கியம் பேச வேண்டும் என்று சொன்னேன். பெரும்பாலோர் மனப்பாடம் செய்துவந்ததை ஒப்பித்தார்கள். வாயே திறக்காத பதினான்கு வயது மாணவன் ஒருவன் மட்டும் எழுந்து நின்று, "எனக்குக் காளி பிடிக்கும் மிஸ். காளி கடைசியில் சாகமாட்டாள். எவ்வளவு அடித்தாலும் சாகமாட்டாள்" என்றான்.

எனக்கு மனம் குளிர்ந்துபோனது. எந்தக் கோயிலில் கேட்ட கதை என்று விசாரித்தேன். கோயிலில் இல்லை, ஸ்மைட் என்ற கணினி விளையாட்டில் என்று அவன் சொன்னதும் என் முகம் மாறியது. 2014இல் வெளிவந்த அந்த விளையாட்டில் கிரேக்க, எகிப்திய, வட ஐரோப்பியத் தெய்வங்களோடு நம் காளியும் இராமனும் பிள்ளையாரும் அக்கினியும் போர்வீரர்களாக வருகிறார்கள். விளையாடுகிறவர் அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றவர்களோடு மோதுகிறார். காளிக்கு அதில் ஒரு தனி ஆற்றல் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்தினால் சில நொடிகளுக்கு எத்தனை பேர் சேர்ந்து தாக்கினாலும் அவள் உயிர் போகாது. காளியை அப்படி விளையாட்டில் வைத்ததற்கு, அது முழுதாக வெளிவரும் முன்பே, 2012இல், அமெரிக்காவில் இந்து அமைப்பினர் எதிர்ப்புத் தெரிவித்திருந்தார்கள் என்பதை நான் ஏற்கெனவே அறிந்திருந்தேன். அந்த நினைப்பில், "விரத நாளில் அம்மனைப் பொம்மைபோலப் பேசாதே, உட்கார்" என்று சொல்லிவிட்டேன். அவன் உட்கார்ந்தான். அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் அவன் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

என்ன செய்தேன் என்பது எனக்கு இரண்டாவது வாரம் பாடக் குறிப்பைப் புரட்டியபோதுதான் உறைத்தது. 'வந்தாலும்', 'கேட்டாலும்', 'கொடுத்தாலும்' என்ற வடிவத்தை ஒரு மாதமாக நான் அந்த வகுப்புக்குக் கற்பித்துக்கொண்டிருந்தேன், ஒருவருக்கும் வரவில்லை. "எவ்வளவு அடித்தாலும் சாகமாட்டாள்" என்று அவன் சொன்னபோது, அந்த வடிவத்தை வகுப்பில் முதன்முதலாகத் தன் சொந்த எண்ணத்துக்குப் பயன்படுத்தியவன் அவன்தான். அதைக் கேட்கும் காது அன்று எனக்கு இல்லாமல் போயிற்று.

மூன்றாவது வாரம் அவனுடைய பாட்டியும் உடன் வந்தார். எழுபதைத் தாண்டியவர், பல ஆண்டுகள் பாற்குடம் எடுத்து நடந்தவர். பேரனைக் கண்டித்ததற்கு நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். அவரோ, பேரன் அந்த விளையாட்டைத் தனக்குக் காட்டினான் என்றும், அம்மன் சாகாமல் நிற்பது சில நொடிகள்தான் என்பதுதான் தனக்குப் பொறுக்கவில்லை என்றும் கிரியோலில் சொன்னார். "அவளுக்கு எந்த நொடியிலும் சாவு கிடையாது என்று இவனுக்குச் சொன்னேன். இனிமேல் விரதம் இருக்கிற பத்து நாளும் காளியை எடுப்பதில்லை என்று ஒப்புக்கொண்டான். மற்ற நாளில் எடுக்கட்டும். பெயராவது வாயில் வருகிறதே." நான் அவனிடம் எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். வேறு என்ன விளையாடுகிறாய் என்றும் கேட்டேன்.

அப்படித்தான் வெண்பா எங்கள் கூடத்துக்கு வந்தது. டொரொண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட சமையல் விளையாட்டு அது. தமிழ்நாட்டிலிருந்து 1980களில் கனடாவுக்குப் போன ஒரு குடும்பத்தின் கதை; தாய் கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் போயிருக்க, விட்டுப்போன வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். முதலில் வருவது இட்லி. மகன் வளர வளரத் தமிழை விட்டு விலகிப்போகிறான். (2024 ஏப்ரலில், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதல் படைப்புக்குத் தரும் விருது இதற்குக் கிடைத்தது.) மாணவனின் அக்கா தம் மடிக்கணினியைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் அதைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு உட்கார, பாட்டி கடைசி வரிசைப் பலகையில் அமர்ந்திருந்தார். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று பிள்ளைகள் திரும்பி அவரைக் கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. இங்குள்ள பழைய குடும்பங்கள் பலவற்றில் இட்லி வழக்கத்தில் இல்லை. வடை உண்டு, கஞ்சி உண்டு, ஏழு கறி வைத்து வாழையிலைச் சாப்பாடு உண்டு. "இது எங்கள் சமையல் இல்லை" என்று அவர் சற்று வருத்தத்தோடு சொன்னார்.

அவரையும் பேச்சில் சேர்க்க வேண்டும் என்று, சமையலறைப் பொருள்களின் பெயர்களைப் பலகையில் எழுதத் தொடங்கினேன். முதல் சொல்லை மாணவன் எழுத்துக்கூட்டிப் படித்தான்: க, றி, வேப், பி, லை. பின்னாலிருந்து பாட்டி, "கரிபுலே!" என்றார். இங்கே சந்தையில் எல்லாரும், எந்த இனத்தவரானாலும், கறிவேப்பிலையை அப்படித்தான் கேட்டு வாங்குகிறார்கள். அடுத்து முருங்கை என்று எழுதினேன். "மூரூம்" என்றார். பீர்க்கங்காய் என்று எழுதியபோது, பையன் படித்து முடிக்கும் முன்பே, "பிப்பங்காய்" என்றார். ரசத்துக்கு "ராசோன்". அதற்குப் பிறகு அவர் எழுந்து பலகைக்கு அருகில் வந்து, 'பீர்க்கங்காய்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, எழுத்து எழுத்தாக நகர்த்தினார். தமிழ் எழுத்தை அவர் கோயில் பலகையிலும் ரூபாய்த் தாளிலும் மட்டுமே பார்த்தவர். தமக்குத் தமிழ் தெரியாது என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தவர். "நான் இத்தனை நாளும் கிரியோல் என்று நினைத்துப் பேசியது இதுவா?" என்று கேட்டார். விரல் அந்தக் 'கா'வின் மேலேயே நின்றது.

அன்று ஒன்பது சொற்கள் தேறின. அவை இப்போதும் மாணவனின் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன.

காத்ர் போர்ன், அழைப்பு மையத்தில் பணிபுரிபவர்:

ஆசிரியை எழுதியதைப் படித்தபோது எனக்கும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. நான் எபேன் என்ற ஊரில் இரவுப் பணி பார்ப்பவன். பணி முடிந்து வந்து கால் ஆஃப் டியூட்டி என்ற சுடும் விளையாட்டை இணையத்தில் விளையாடுவேன். எங்கள் குழுவில், பிரான்ஸுக்கு உரிய ரெயூனியன் தீவைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். இரண்டு ஆண்டுகள் சேர்ந்து விளையாடியும் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. எங்கள் தீவுக்கும் அவர்கள் தீவுக்கும் இடையே ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் கடல்தான் என்றாலும், அவர் பிரான்ஸ் நாட்டவர், நான் மொரீஷியஸ்காரன். பேசுவதெல்லாம் குறிபார்ப்பதைப் பற்றியும் இணைப்பின் வேகத்தைப் பற்றியும்தான்.

ஒரு தைப்பூசத்துக்கு முன், பத்து நாளைக்குச் சுடும் விளையாட்டு வேண்டாம், கரேம் இருக்கிறேன் என்று குழுவில் சொன்னேன். கத்தோலிக்கர் தவக்காலத்துக்குச் சொல்லும் பிரெஞ்சுச் சொல்லைத்தான் நாங்கள் எங்கள் விரதத்துக்கும் சொல்கிறோம். வேறு நாட்டவர் ஒருவர், மீன் தின்னாவிட்டால் துப்பாக்கியும் தூக்கக் கூடாதா என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குச் சட்டென்று விடை வரவில்லை. அப்போது ரெயூனியன்காரர் எனக்காகப் பேசினார். தாமும் கரேம் இருப்பவர் என்றும், தீமிதிக்கு முன் பதினெட்டு நாள் இருப்பதாகவும், அந்த நாள்களில் வாயை மட்டுமல்லாமல் கையையும் கண்ணையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று தம் தந்தை சொல்லித் தந்ததாகவும் விளக்கினார். அங்கே தீமிதி பாண்டியாலே அம்மனுக்கு. அதாவது நம் திரௌபதிக்கு. பதினெட்டு நாள் என்பது பாரதப் போர் நடந்த நாள்களின் கணக்கு.

அங்கே தமிழ் வழிவந்தவர்களை மலபார் என்று சொல்வதால், அந்தச் சொல்லை அவர் முன்பே சொல்லியிருந்தும் அவர் தமிழர் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. இருவருக்கும் தமிழ் பேச வராது. கிரியோலிலும் பிரெஞ்சிலுமாக அன்று விடியும்வரை பேசினோம், விளையாட்டைத் தொடங்கவே இல்லை. அவர் மிதிக்கும் குழியின் அகலத்தைச் சொன்னார். காவடியின் வளைவில் நாங்கள் எந்தப் பூவைக் கட்டுகிறோம், எலுமிச்சம்பழத்தை எங்கே தொங்கவிடுகிறோம் என்று நான் சொன்னேன். அந்தப் பத்து நாளும் அவரும் என்னோடு சேர்ந்து சுடும் விளையாட்டை விட்டிருந்தார், தம் விரதம் முடிந்துவிட்டிருந்தபோதும்.

போர்ட் லூயி, ஓய்வுபெற்றவர்:

இருவர் எழுதியதையும் மனம் நெகிழ்ந்து படித்தேன். ஆனாலும் என் கருத்தைச் சொல்லியாக வேண்டும். குளித்து, ஈரத் துணியோடு நின்று, பூசகர் கையால் மட்டுமே தீண்டப்படும் அம்மனைக் கட்டைவிரலால் ஓட வைப்பதும் அடிபட வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆசிரியை மன்னிப்புக் கேட்டது பெரிய மனம். என்றாலும், அவர் முதலில் கொண்ட வருத்தமும் நியாயமானதே என்று நான் நினைக்கிறேன்.

கருத்தைச் சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் சொல்லிக் கற்றவன்தான். பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருவின் மளிகைக் கடையில் நின்றுகொண்டு, நோன்பு என்றால் எங்கள் காவடி விரதம்தான் கடினம், மற்றவர்களுடையது இரவானால் முடிந்துவிடுகிறது என்று நண்பரிடம் சொன்னேன். கடைக்காரர் முஸ்லிம். பருப்பைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்த அவர் கையை நிறுத்தாமல், "உங்களுக்குப் பத்து நாள், எங்களுக்கு முப்பது நாள். ஒரு நாள் என்னோடு இருந்து பாருங்கள்" என்றார். குரலில் கோபம் இல்லை. அந்த ரமலானில் ஒரு நாள் விடியலிலிருந்து தண்ணீரும் குடிக்காமல் இருந்துவிட்டு, மாலையில் அவர் வீட்டில் பேரீச்சம்பழம் தின்றேன். தண்ணீர் இல்லாத பிற்பகல் எப்படி இருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பின் அவர் இறக்கும்வரை, ஒவ்வொரு தைப்பூசத்தன்றும் பாற்குடத்துக்கு வேண்டிய பாலை அவர் கடையிலிருந்துதான் வாங்கினேன். ஒரு முறையும் அவர் காசு வாங்கவில்லை.

ரோஸ் ஹில், தமிழாசிரியை:

ஐயா, உங்கள் வருத்தத்தை நான் மறுக்க மாட்டேன். எனக்குள்ளும் அது முழுவதுமாகப் போய்விடவில்லை. உங்கள் கடைக்காரர் நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு உங்களைத் தம் வீட்டுக்கு அழைத்தார். நான் அந்தப் பையனை உட்காரச் சொன்னேன். நான் வருந்துவது அதற்காகத்தான். நீங்கள் ஒரு சனிக்கிழமை எங்கள் கூடத்துக்கு வந்து, தீண்டக் கூடாத அம்மனைப் பற்றி இங்கே எழுதியதை அப்படியே அவனிடம் சொன்னால், அவன் கேட்பான். பதிலும் சொல்வான், தமிழிலேயே.

சென்ற வாரம் அவன் என்னிடம் ஓர் ஐயம் கேட்டான். செய்யுளில் 'வாராள்', 'சொல்லாள்' என்று வருகிறதே, அப்படியானால் 'சாகமாட்டாள்' என்று தான் சொன்னது பிழையா என்றான். பிழை இல்லை, அது பேச்சிலும் உரைநடையிலும் வழங்குவது, 'சாகாள்' என்பது பழைய வடிவம், இரண்டும் தமிழ்தான் என்றேன். அவன் அதைக் கிரியோலில் பாட்டிக்குச் சொன்னான். பாட்டி இரண்டையும் ஒவ்வொரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, 'சாகாள்'தான் நன்றாக இருக்கிறது, அதில் நொடிக்கணக்கு இல்லை என்றார்.