புது மூசையில் முதல் வெள்ளி: உங்களுக்கு எப்படி அமைந்தது?

ஆறு மாதங்களுக்கு முன்பு வீட்டு மாடியில் ஒரு சிறு வார்ப்பு மேசையை அமைத்துக்கொண்டு, வெள்ளியில் மோதிரமும் தொங்கட்டானும் வார்க்கப் பழகத் தொடங்கினேன். மெழுகு செதுக்குவதைப் பற்றியும் அச்சுக் கட்டுவதைப் பற்றியும் கேட்ட இடமெல்லாம் விரிவாகச் சொன்னார்கள். வெள்ளியை உருக்கும் கிண்ணமான மூசையைப் பற்றி மட்டும் எவரும் இரண்டு வரிக்கு மேல் பேசவில்லை. அதனால் அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டேன். கடையிலிருந்து வாங்கி வந்த வெள்ளை மண் மூசையை அன்று மாலையே கைப்பிடியில் பொருத்தி, 30 கிராம் வெள்ளி மணிகளை இட்டு, எரிவாயுச் சுடரை முழு வேகத்தில் திருப்பினேன். மூன்றாவது நிமிடத்தில் சுள்ளென்று ஓர் ஓசை கேட்டது. விளிம்பிலிருந்து அடிவரை கீறல் ஓடி, உருகிய வெள்ளி செங்கல்லின் மேல் சொட்டியது. உறைந்த பிறகு மண் துகளோடு சேர்ந்து கிடந்ததைச் சுரண்டி எடுத்ததில் 26 கிராம்தான் கைக்கு வந்தது.

இரண்டாவது மூசைக்குப் பொறுமையாக இருந்தேன். மழைக்காலத்து ஈரத்தை மண் உறிஞ்சி வைத்திருக்கும் என்பதால், சிறு தணலின் அருகில் ஒரு மணி நேரம் வைத்திருந்து, பிறகுதான் சுடரைக் காட்டினேன். மூசை முழுவதும் செந்நிறம் ஏறியதும், சுவரில் வெள்ளி ஒட்டாமலிருக்க வெண்காரத்தை (போராக்ஸ்) தூவினேன். கடையில் கிடைக்கும் வெண்காரத்திற்குள்ளேயே நீர் இருக்கிறது என்பதை அப்போது நான் அறியவில்லை. அது பொரியைப் போலப் புடைத்தெழுந்து, பாதிக்குமேல் சுடரின் காற்றில் பறந்துபோயிற்று. எஞ்சியது உருகி, மூசையைச் சாய்த்துச் சுழற்றியபோது சுவரெங்கும் பரவி, பீங்கான் பூச்சைப் போலப் பளபளத்தது. ஊற்றும் மூக்கில் மட்டும் பூச்சு ஏறவில்லை. அங்கேதான் வெள்ளி ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் இதை எப்படிச் செய்கிறீர்கள், எங்கே தவறினீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

*

தம்பி எழுதியதைப் படித்ததும் என் தந்தையின் நினைவு வந்தது. நாங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மூன்று தலைமுறையாகக் கொலுசு வேலை செய்கிறவர்கள். மூசையைக் குகை என்று சொல்வதே எங்கள் வீட்டு வழக்கம். தாத்தா காலத்தில் உமி எரியும் சட்டியான உமியோட்டின் தணலை ஊதுகுழலால் ஊதியே சிறு உருக்குகளை முடித்துவிடுவார்களாம். அந்தத் தணலின் ஓரத்திலேயே புதுக் குகை நாள் முழுவதும் கவிழ்ந்து கிடக்கும். ஈரத்தைப் போக்குவதற்கென்று அவர்கள் தனியாக நேரம் ஒதுக்கியதில்லை. இன்று சுடரைத் திறந்தவுடன் வெப்பம் கிடைத்துவிடுவதால், அந்தக் காத்திருப்பை நாமாகத்தான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூக்கில் பூச்சு ஏறாததற்குக் காரணம், அந்த இடம் போதிய அளவு சிவக்காததுதான். சுடரை முதலில் மூக்கிலும் விளிம்பிலும் காட்டிவிட்டு, கடைசியில் குழிக்கு வர வேண்டும். வெண்காரத்தை இரும்புக் கரண்டியில் முன்பே பொரித்து, நீரைப் போக்கி, இடித்துத் தூளாக வைத்துக்கொண்டால் பறக்காது. மிகுதியாகவும் போடாதீர்கள். உருகிய வெண்காரம் மண்ணை மெல்ல மெல்லத் தின்னும். பூச்சு தடித்த குகை அடியில் மெலிந்து, ஒரு நாள் சொல்லாமல் ஓட்டை விழும்.

எனக்கு நேர்ந்த தவறு வேறு. எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது, பித்தளையும் ஈயமும் கலந்த ஏதோ ஒரு பழைய பொருளை விளையாட்டாக உருக்கிப் பார்த்துவிட்டு, அந்தக் குகையைக் கழுவி மற்றவற்றோடு வைத்துவிட்டேன். மறுநாள் அதில் உருக்கிய வெள்ளிக் கட்டி, தகடு இழுக்கும் உருளையில் இரண்டாவது முறை நுழையும்போதே ஓரமெல்லாம் வெடித்தது. ஈயம் சிறிதளவு சேர்ந்தாலே வெள்ளி நொறுங்கும் என்று அதுவரை கேள்விப்பட்டிருந்தேனே தவிர, கண்ணால் கண்டதில்லை. தந்தை ஒரு சொல்லும் பேசவில்லை. குகையை எடுத்துச் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டார். அன்றிலிருந்து வெள்ளிக்கு ஒன்று, செம்பு கலக்கும் வேலைக்கு ஒன்று என்று கைப்பிடியில் ஆணியால் குறியிட்டு வைக்கிறேன்.

பழைய கொலுசுகளை உருக்குகிறவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். காலில் அணிந்த அழுக்கும் எண்ணெய்ப்பசையும் போகப் பூந்திக்கொட்டை நீரில் கொதிக்கவைத்து, கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே குகையில் இட வேண்டும். இரும்புத் திருகாணிகளைக் காந்தத்தால் பொறுக்கிவிட வேண்டும். இணைப்புகளை ஒட்டவைத்த பழைய பற்றாசில் துத்தநாகமும் சிலவற்றில் காட்மியமும் இருக்கும். காட்மியம் 767 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகிவிடுவதால், வெள்ளி உருகுவதற்கு முன்பே அந்தப் புகை நம் நெஞ்சுக்குள் போய்விடும். மூடிய அறையில் இந்த வேலையை ஒருநாளும் செய்யாதீர்கள். எடை குறைந்துவிட்டது என்று வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற தொல்லை.

*

நான் மின் உலையில் பென்சில்கரி (கிராஃபைட்) மூசையைப் பயன்படுத்துகிறேன். இதற்கு வெண்காரப் பூச்சு வேண்டியதில்லை. கரியின் மேல் வெள்ளி தானாகவே ஒட்டாமல் உருண்டு நிற்கும். ஆனால் இதுவும் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக வாங்கியதை 200 பாகைக்குச் சற்று மேலே ஒரு மணி நேரம் வைத்திருந்து, பிறகு வெறுமையாகவே செஞ்சூடு ஏற்றி, உலைக்குள்ளேயே ஆறவிடுவேன். காற்றில் இந்தக் கரி மெல்ல எரிந்து தேய்வதால், வேலை முடிந்ததும் உலையை அணைக்காமல் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது கூடாது. அப்படிப் போய் ஒரு மூசையின் வாயை நான் காகிதம் போல மெலியவைத்திருக்கிறேன்.

*

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். நான் கணவாய் ஓட்டில் வார்க்கிறேன். கரையில் ஒதுங்குவதைப் பொறுக்குவதும் உண்டு. பெரியதாக வேண்டுமென்றால் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கொடுப்பார்கள். இரண்டு ஓடுகளின் மென்மையான பக்கங்களை ஒன்றோடொன்று தேய்த்துச் சமமாக்கி, நடுவில் மாதிரியை அழுத்தி எடுத்தால் அச்சு அமைந்துவிடும். ஓட்டின் வரிகள் நகையின் மேல் அலையடித்த மணலைப் போலப் படிவதுதான் இதன் அழகு.

மூசையைக் கவனமாக உலர்த்திய நான், ஓட்டை உலர்த்த மறந்த நாள் ஒன்று உண்டு. மழையில் நனைந்த ஓடு வெளியே காய்ந்ததைப் போலத் தோன்றியதை நம்பி ஊற்றினேன். உள்ளிருந்த ஈரம் ஒரே நொடியில் ஆவியாகி, ஊற்றுவாய் வழியாக வெள்ளியைத் திருப்பி உமிழ்ந்தது. கண்ணாடியும் தோல் முன்னங்கியும் அணிந்திருந்ததால் முழங்கையில் கடுகளவு இரண்டு தழும்புகளோடு தப்பினேன். நைலான் புடவை உடுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அஞ்சுகிறேன். இப்போது ஓடுகளை இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டு, வார்ப்பதற்கு முன் இளஞ்சூட்டில் மீண்டும் ஒருமுறை உலர்த்துகிறேன்.

ஊற்றும் தருணத்தைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளி முதலில் சுருங்கி உருண்டையாகும். பிறகு மேலே மிதக்கும் அழுக்கு ஒதுங்கி, கண்ணாடியைப் போலத் தெளிந்து, சுடரின் வேகத்தில் தானே சுழலத் தொடங்கும். அப்போது மூசையை இலேசாக அசைத்தால் பாதரசத்தைப் போலத் தளும்ப வேண்டும். ஊற்றும்போது சுடரை விலக்கிவிடாமல் மூக்கின் மேலேயே பிடித்திருந்தால், பாதி வழியில் உறையாது.

*

பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன்; விடுமுறை நாள்களில் வெள்ளி வேலை. உருகிய தூய வெள்ளி தன் பருமனைப் போல ஏறத்தாழ 20 மடங்கு ஆக்சிஜனைக் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும் என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். உறையும்போது அந்த வளி அத்தனையும் வெளியேறியாக வேண்டும். என் முதல் கட்டியின் முகம் அம்மை வடுவைப் போலக் குழிந்து, நடுவில் ஒரு சிறு கொம்பும் முளைத்திருந்ததைக் கண்ட பிறகுதான், வகுப்பில் சொன்னதன் பொருள் எனக்கே விளங்கியது. தூய வெள்ளி 962 பாகையில் உருகும், 7.5 விழுக்காடு செம்பு சேர்ந்த 925 வெள்ளி 900 பாகையை ஒட்டியே முழுவதும் நீர்மமாகிவிடும். அதற்கு மேல் சற்றே சூடேற்றினால் போதும். நான் செய்ததோ, பத்து நிமிடம் கூர்மையான நீலச் சுடரில் அதைக் காய்ச்சியது. இப்போது ஆக்சிஜனைக் குறைத்து, மென்மையான சுடரால் மூசையின் வாய் முழுவதையும் மூடிவிடுகிறேன். ஒரு சிட்டிகை கரித்தூளையும் மேலே தூவுகிறேன். கொம்பு முளைப்பது நின்றுவிட்டது.

*

முதலில் எழுதியவனே மீண்டும் எழுதுகிறேன். பெரியவர் சொன்னபடி வெண்காரத்தைப் பொரித்து இடித்து, மூக்கிலிருந்து தொடங்கிப் பூச்சு ஏற்றினேன். மெழுகு மோதிரம் 0.8 கிராம் இருந்தது. வெள்ளியின் எடை மெழுகைப் போல ஏறத்தாழ பத்தரை மடங்கு என்பதால் மோதிரத்திற்கு எட்டரை கிராம், வெள்ளி அச்சுக்குள் ஓடும் வழியான ஊற்றுத்தண்டுக்கும் அதன் மேல் தேங்கும் மேற்கட்டிக்கும் பத்து கிராம் என்று கணக்கிட்டு மூசையில் இட்டேன். சுடரை மென்மையாக்கியதால் உருகுவதற்கு வழக்கத்தைவிட இரண்டு நிமிடம் கூடுதலாயிற்று. ஊற்றிய பின் மூசையில் ஒரு மணிகூட ஒட்டவில்லை. மோதிரத்தின் உட்புறத்தில் மட்டும் ஊசி முனை அளவில் மூன்று துளைகள் இருக்கின்றன. ஊற்றுத்தண்டு மெலிந்து, மோதிரத்திற்கு முன்பே உறைந்துவிட்டது என்று நினைக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைத் தடிமனாக்கி வார்த்துவிட்டு எழுதுகிறேன்.