ஹூட் போட்டால் கழுத்தை நெரிக்கிறது: சில்ஃப்ராவுக்கு எதை வாங்குவது?

பசவனகுடி மீன்:
எல்லோருக்கும் வணக்கம். கர்நாடகக் கடலோரத் தீவான நேத்ராணியிலும் அந்தமானிலுமாக 31 ஸ்கூபா டைவ் முடித்திருக்கிறேன். எல்லாமே வெதுவெதுப்பான தண்ணீர், தலைக்கு எதுவும் மாட்டியதே இல்லை. போன அக்டோபரில் இங்கிலாந்தில் அக்கா வீட்டுக்குப் போனபோது, ஒரு பழைய கல்குவாரி ஏரியில், தண்ணீர் உள்ளே புகாத ட்ரைசூட் உடையில் பயிற்சி எடுத்தேன். தண்ணீர் 11 டிகிரி. உடம்பு குளிரவே இல்லை, ஆனால் தலையையும் கழுத்தையும் மூடும் ரப்பர் உறையான ஹூட் பாடாய்ப் படுத்திவிட்டது. வாடகைக்குக் கிடைத்தது தோள்வரை தொங்கும் காலர் வைத்த 5 மி.மீ. ஹூட். அந்தக் காலரை மடித்து சூட்டின் கழுத்துக்குள் திணித்தார்கள். கரையிலேயே எச்சில் விழுங்க முடியவில்லை, தலை கிறுகிறுத்தது. ஆறு மீட்டரில் வலது காது அடைத்து வலி. மூக்கைப் பிடித்து ஊதியும் சரியாகவில்லை. தாடை மாலைவரை வலித்தது.

மார்ச்சில் ஐஸ்லாந்தில் தண்ணீருக்கடியில் இருக்கும் சில்ஃப்ரா பிளவில் டைவ் செய்யப் போகிறோம். அங்கே ஆண்டு முழுக்க 2 முதல் 4 டிகிரிதான். ஹூட் அவர்களே தருவார்கள், ஆனாலும் எனக்குப் பொருந்துவதைக் கையோடு கொண்டுபோக ஆசை. ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் போதுமா? எனக்கு இடுப்புவரை முடி, அது வேறு.

வைட்ஃபீல்டு அண்ணாச்சி:
பெரிய சைஸ் வேண்டவே வேண்டாம்மா. நான் சில்ஃப்ராவில் இரண்டு டைவ் போனவன். லூசான ஹூட்டுக்குள் தலையைத் திருப்பும்போதெல்லாம் புதுத் தண்ணீர் புகும். அந்தக் குளிர் நெற்றியில் பட்டால் மண்டையே பிளக்கிற மாதிரி இருக்கும்.

உங்கள் பிரச்சினை சைஸ் இல்லை, காலர். நீளக் காலர், உள்ளே தண்ணீர் புகும் வெட்சூட்டுக்கானது, சூட்டுக்கு அடியில் தோளில் படிந்து கிடக்கும். ட்ரைசூட்டில் தண்ணீர் புகாமல் தடுக்கும் கழுத்துப் பட்டை (சீல்) ஏற்கெனவே இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதன்மேல் மடித்த காலரையும் திணித்தால் நெரிக்காமல் என்ன செய்யும்? குட்டைக் கழுத்து வைத்த 7 மி.மீ. ஹூட் வாங்குங்கள். தலைச் சுற்றளவோடு கழுத்தையும் அளந்து பாருங்கள். முகத்தைச் சுற்றி வரும் விளிம்பு மாஸ்க்கின் சிலிக்கான் ஓரத்துக்கு அடியில் போகக் கூடாது, போனால் மாஸ்க் ஒழுகும். உச்சியில் காற்று வெளியேற ஒரு துளை இருந்தால் நல்லது. ஹூட் வந்ததும், மூச்சுக் கருவியான ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் வீட்டிலேயே உட்கார்ந்து பாருங்கள். மோவாயை ஹூட் கீழிருந்து தள்ளினால், பல்லைக் கடித்தே தாடை ஓய்ந்துவிடும்.

காதுமூக்கு டாக்டர், மல்லேஸ்வரம்:
அந்தக் கிறுகிறுப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கழுத்தின் இரு பக்கமும் ரத்த அழுத்தத்தை உணரும் இடம் இருக்கிறது. அதை அழுத்தினால் இதயத்துடிப்பு குறையும், மயக்கமே வரலாம். கரையில் அப்படித் தோன்றினால் உடனே கழற்றுங்கள், தண்ணீரில் இறங்கவே கூடாது.

காது வலி வேறு கதை. ஹூட் காதோடு ஒட்டிக்கொண்டு செவிப்பறைக்கு வெளியே காற்றை அடைத்துவிட்டிருக்கலாம். நீங்கள் ஊதுவது செவிப்பறைக்கு உள்பக்கம்தான் போகும், இந்தக் காற்றைத் தொடாது. அதனால் மேலே இருக்கும்போதே இரு பக்கமும் ஹூட்டை விரலால் இழுத்து, காதுக்குள் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். இரண்டு காதுக்கும் சேர்த்துத்தான் விட வேண்டும். ஒரு காதில் மட்டும் குளிர்ந்த தண்ணீர் போனால் உலகமே சுற்றும்.

ஜெயநகர் அக்கா:
முடிக்கு நான் சொல்கிறேன். உச்சிக்கொண்டை கூடாது, ஹூட் தூக்கிக்கொள்ளும். தளர்வாகப் பின்னி, பிடரியில் தட்டையாகச் சுற்றி, ஹேர்பின் இல்லாமல் மெல்லிய லைக்ரா தொப்பி போட்டு, அதன்மேல் ஹூட். பின்னலைச் சூட்டுக்குள் விடாதே. கழுத்து சீலுக்கு அடியில் நாலு முடி சிக்கினாலும் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். எண்ணெய்த் தலையோடும் போடாதே, அந்தச் சிக்கு வாடை ஹூட்டின் நியோப்ரீன் ரப்பரை விட்டுப் போகவே போகாது.

பசவனகுடி மீன்:
டாக்டர் சார், ரொம்ப நன்றி. அந்த வலிக்கு நான் சளிதான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

அண்ணாச்சி, தோழி ஒருத்தியிடம் குட்டைக் கழுத்து 7 மி.மீ. ஹூட் இருந்தது. நேற்று ராத்திரி அக்கா சொன்னபடி முடியைச் சுற்றி, ரெகுலேட்டரோடு 25 நிமிடம் உட்கார்ந்தேன். எச்சில் சுலபமாக இறங்கியது, தலை சுற்றவில்லை. மோவாய்க்கு அடியில் மட்டும் தையல் உறுத்துகிறது, கழற்றிப் பார்த்தால் சிவப்பாக ஒரு கோடு. உள்பக்கம் தையல் தடிக்காத ஹூட்டாகத் தேடி வாங்கப் போகிறேன்.