தென்னாப்பிரிக்காவில் ஆனர்ஸுக்கு (இளங்கலைக்குப் பிந்தைய படிப்புக்கு) சமூகவியலா, மானுடவியலா, சமூகப்பணியா: உங்களை முடிவெடுக்க வைத்த சந்திப்பு எது?

சாட்ஸ்வர்த் (டர்பன்) வாசகி:
ஆனர்ஸுக்கு மானுடவியல் என்றுதான் இருந்தேன். கள ஆய்வுப் பயிற்சிக்கு முதியோர் உதவித்தொகை வரிசையில் நின்ற ஓர் ஆயாவிடம் பேசினேன். காவடி, தீமிதி, வீட்டு விளக்கு என்று துறை கொடுத்த கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போனேன். நடுவில் என் கையிலிருந்த தாளை அவர் தன் உள்ளங்கையால் மூடிவிட்டார். "கேட்டோ மேனர்ல எங்களுக்குத் தோட்டம் இருந்துச்சு. அங்கேருந்து கிளப்பி இங்க கொண்டாந்து விட்டாங்க. அதைக் கேக்க மாட்டியாம்மா?" அப்படி ஒரு கேள்வி தாளில் இல்லை. 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இனத்தை வைத்து யார் எங்கே குடியிருக்கலாம் என்று தீர்மானித்ததைத்தான் படிக்க வேண்டும் என்று தோன்றியது. சமூகவியலுக்கு மாற்றிக்கொண்டேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்:
அக்கா, குறை கேள்வித்தாளில்; மானுடவியலில் இல்லை. டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்து இந்தியர்களைப் பற்றி 1960இல் நூல் எழுதிய ஹில்டா கூப்பர் மானுடவியலாளர்தானே?

பீனிக்ஸ் வாசகர்:
ஆப்பிரிக்கான்ஸ் மொழிப் பல்கலைக்கழகங்களில் ஃபோல்க்ககுண்டே ('மக்களினவியல்') என்ற பெயரில் அதே மானுடவியல் இனஒதுக்கலுக்குத் துணை நின்றதே, அதை எங்கே வைப்பது?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்:
அப்படியானால் இனஒதுக்கலைக் கட்டியெழுப்பிய பிரதமர் ஃபெர்வூர்ட்? அரசியலுக்கு வருமுன் ஸ்டெல்லன்போஷில் சமூகவியல் பேராசிரியர். அவர் ஆட்சியை எதிர்த்த பாத்திமா மீரும் சமூகவியலாளர்தான். துறையின் பேரை வைத்து ஆளை எடை போடாதீர்கள்.

லெனேசியா வாசகி:
என் கதை சின்னது. ஒரு கல்யாணத்தில் பெரியம்மா, "சோஷியாலஜி முடிச்சா பிள்ளைங்க கேஸ் பாப்பியா?" என்றார். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அங்கேதான் எனக்கே தெளிவானது.

தொகுப்பாளர்:
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சமூகப்பணியாளராக வேலை பார்க்க வேண்டுமானால் அதற்கென்றே நான்கு வருடப் பட்டம் வேண்டும், சமூகப்பணியாளர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலிலும் பதிய வேண்டும். சமூகவியல் ஆனர்ஸ் அதற்கு ஈடாகாது. ஆனர்ஸ் ஒரே வருடம், அதற்குள் ஓர் ஆய்வுக் கட்டுரையும் முடிக்க வேண்டும். அதனால் துறையைப் பார்ப்பதற்கு முன் வழிகாட்டியைப் பாருங்கள். அவர் இப்போது எதை ஆராய்கிறார் என்று படித்துவிட்டு எழுதுங்கள். புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள். தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை உதவித்தொகைக்கு முந்தைய வருடமே பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள். அப்புறம், டர்பன் பக்கம் ஆய்வு என்றால் ஜூலு கற்றுக்கொள்ளுங்கள். நம்மவர்களிடம் மட்டும் பேசிவிட்டு டர்பனைப் பற்றி எழுத முடியாது.