பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தயங்காமல் பேசுவது எப்படி?

கேள்வி (கிளிநொச்சி உத்தியோகத்தர்):
வணக்கம். சிறுபோகத்திற்கு (மழை குறைந்த பருவத்து நெற்செய்கைக்கு) முன்னர் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், இரணைமடுக் குளத்தின் கீழ் எங்கள் பிரிவில் எத்தனை ஏக்கரில் பயிரிட நீர் கிடைக்கும் என்பதை விவசாயிகளுக்கு நான் விளக்க வேண்டியுள்ளது. மூத்த கமக்காரர் ஒருவர் குறுக்கிட்டவுடன் என் குரல் தாழ்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற அலுவலர், வவுனியா):
தங்கச்சி, குளத்து நீர்மட்டம், ஏக்கர் அளவு, விதைப்பு முடிவுத் திகதி ஆகியவற்றை முதலிலேயே கூறிவிடுங்கள். சிறுபோகத்தில் நீர் குறைவென்பதால் எல்லோரும் காத்திருப்பது அந்த விபரத்திற்கே, முன்னுரைக்கு அன்று. அதைவிட முக்கியமாக, கமக்காரர் அமைப்பின் தலைவரையும் எதிர்க்கக்கூடிய இருவரையும் முன்கூட்டியே வயலில் சந்தித்து அவர்களின் ஆட்சேபத்தைக் கேட்டறிந்தால், மண்டபத்தில் எழும் கேள்விகளுள் பெரும்பாலானவை உங்களுக்குப் புதியனவாக இரா. குறுக்கிடுபவரை முடிக்க விட்டு, அவர் கூறியதை ஒரு வசனத்தில் திருப்பிச் சொல்லிய பின்னரே பதிலளியுங்கள். விடை தெரியாவிட்டால், எந்த நாளுக்குள் அறிவிப்பீர்கள் என்று கூறி, அதைக் கூட்டக் குறிப்பிலும் பதியச் செய்யுங்கள். (ஒலிவாங்கியை நம்பாதீர்கள், மின்சாரம் எப்போது போகுமென்று யாருக்கும் தெரியாது.)

மறுமொழி 2 (முல்லைத்தீவு):
கொழும்பு அதிகாரிகள் வரும் கூட்டமாயினும் தமிழிலேயே பேசுங்கள். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழியாகும். தடுமாறும் ஆங்கிலத்தைவிடத் தெளிவான தமிழும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் மேல் என்பது என் கருத்து.

கேட்டவர்:
நன்றி, ஐயா. அமைப்புத் தலைவரை இவ்வாரமே சந்திக்கிறேன். ஏக்கர் விபரத்தை அச்சிட்டு முன்னதாகவே கொடுப்பது நல்லதா, பேசிய பின்னர் கொடுப்பதா?