பழைய பெயின்டை உரிக்க என்ன ஊற்றலாம்? பிளாஸ்டிக், உலோகம், மண் எல்லாம் ஒரே பெட்டியில் கிடக்கிறது

திருநகர் தம்பி:
வணக்கம். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய பெரியம்மா வீட்டு அண்ணன், தன்னுடைய போர் விளையாட்டுப் பொம்மைகளை ஒரு பெட்டியோடு என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். எல்லாம் 28 மி.மீ அளவுச் சிப்பாய்கள். நிறைய பிளாஸ்டிக், கொஞ்சம் கனமான உலோகம். சின்ன வயதில் கையில் கிடைத்ததையெல்லாம் பூசியிருக்கிறார். சிலவற்றில் அக்ரிலிக், சிலவற்றில் வீட்டு கேட்டுக்கு அடித்து மிஞ்சிய எனாமல். பெயின்ட் தடிப்பில் மூக்கு எது, மீசை எது என்று தெரியவில்லை. உரித்துவிட்டுப் புதிதாகத் தீட்ட ஆசை.

பெயின்ட் கடையில் கேட்டேன். "என்.சி. தின்னர்ல போடுங்க தம்பி, பளிச்சுனு வந்துரும்" என்றார்கள். போடலாமா?

இன்னொன்று. அதே பெட்டியில் அப்பத்தாவின் கொலு செட்டியாரும் செட்டிச்சியும் இருக்கிறார்கள். மதுரைப் பக்கம் விளாச்சேரியில் செய்த பொம்மைகள். செட்டியாரின் வேட்டி பாதி உரிந்துவிட்டது. அவர்களையும் சேர்த்து ஊறப் போட்டுவிடலாமா?

தூரிகைப் பித்தன்:
தின்னர் டப்பாவைத் திறக்காதீர்கள். கடைக்காரர் சொன்னது இரும்பு கேட்டுக்குச் சரி. இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். என்.சி. தின்னர், அசிட்டோன், அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கி எதில் போட்டாலும் பெயின்டோடு சேர்த்துப் பொம்மையும் கரையும்.

எது எந்தப் பொருள் என்று முதலில் பிரித்துவிடுங்கள். பாதத்துக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், பிளேடால் லேசாகச் சுரண்டினால் போதும். மினுங்கினால் உலோகம். பிளாஸ்டிக்காகத் தெரிந்தால் அதே இடத்தில் காது குடையும் பஞ்சுக்குச்சியால் ஒரு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை வைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். இளகாமல், பிசுபிசுக்காமல் இருந்தால் ஊறப் போடலாம். ரெசின் வார்ப்பு என்றால் நெடுநேரம் விடாதீர்கள். 3டி பிரின்டரில் எடுத்த ரெசின் பொம்மை ஆல்கஹாலில் அதிகம் ஊறினால் வெடிப்பு விடும்.

லேப் உதவியாளர்:
ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஐ.பி.ஏ. என்று கேளுங்கள். ஆய்வக ரசாயனம் விற்கும் கடையிலும், எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். 99% வாங்குங்கள். 70% கை சுத்தம் செய்யத்தான் லாயக்கு, அக்ரிலிக்கை இளக்க நெடுநேரம் எடுக்கும்.

கண்ணாடி ஊறுகாய் பாட்டிலில் பொம்மை மூழ்கும் அளவு ஊற்றி, இறுக மூடி, ஒரு ராத்திரி விடுங்கள். பாட்டில் மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும், வீட்டில் குழந்தை இருந்தால் ஆபத்து. காலையில் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் பெயின்ட் தோல் தோலாக வரும்.

ஒரு எச்சரிக்கை. இதன் தீப்பற்று நிலை, அதாவது நெருப்பு காட்டினால் ஆவி பற்றிக்கொள்ளும் சூடு, சுமார் 12 டிகிரிதான். நம் சித்திரை வெயிலில் 40 டிகிரி அடிக்கும்போது மூடியைத் திறந்த உடனே ஆவி கிளம்பிவிடும். அடுப்படி, சாமி விளக்கு, கொசுவத்தி பக்கம் வேண்டவே வேண்டாம். மொட்டை மாடியில் நிழலில் உட்கார்ந்து செய்யுங்கள், நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு.

எல்லீஸ் நகர் அக்கா:
நான் டெட்டால் கட்சி. மருந்துக் கடையில் கிடைக்கும் அதே பழுப்பு நிற டெட்டால், தண்ணீர் கலக்காமல். பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது, அக்ரிலிக் நன்றாகக் கழன்று வரும். வாசனைதான் பிரச்சினை. மாமியார் ஊரிலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்று "யாருக்கும்மா அடிபட்டுச்சு?" என்று பதறிவிட்டார்.

பழங்காநத்தம் புதுசு:
அக்கா, நானும் டெட்டாலில்தான் போட்டேன். ராத்திரி முழுக்க ஊறியது, பெயின்டும் நன்றாகச் சுருங்கிக் கிளம்பியது. எடுத்துக் குழாயில் காட்டியதும் எல்லாம் பிசின் மாதிரி பொம்மையிலேயே அப்பிக்கொண்டது. பிரஷும் போச்சு. டெட்டாலில் ஏதும் கலப்படமா?

எல்லீஸ் நகர் அக்கா:
டெட்டால்மேல் பழி போடாதீங்க. குழாய்க்குப் போனதுதான் காரணம். டெட்டாலில் தண்ணீர் பட்டதும் பால் மாதிரி வெளுக்கும் இல்லையா? அந்த நேரத்தில் அதன் கரைக்கும் சக்தி போய்விடும். இளகி மிதந்த பெயின்ட் அப்படியே திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்.

திரும்பவும் டெட்டாலில் முக்குங்கள். சில மணி நேரத்தில் பிசின் விடும். அப்புறம் பிரஷையும் டெட்டாலில் தொட்டே தேயுங்கள். வேறொரு கிண்ணத்தில் சுத்தமான டெட்டால் வைத்து, பெயின்ட் துணுக்கு எதுவும் பாக்கியில்லாமல் அலசுங்கள். எல்லாம் போன பிறகுதான் பாத்திரம் கழுவும் லிக்விடும் தண்ணீரும். பிரஷுக்கும் அதே வைத்தியம்தான்.

திருநகர் தம்பி:
எனாமலுக்கும் இதேதானா? உலோகத்துக்கு?

லேப் உதவியாளர்:
காய்ந்து இறுகிய எனாமல் ஐ.பி.ஏ.வுக்கு அவ்வளவு சுலபமாக மசியாது. ஊற வைத்து, தேய்த்து, மறுபடி ஊற வைக்க வேண்டியிருக்கும். டாட் 3 பிரேக் ஆயிலுக்கு மசியும். பைக் பெயின்டில் பட்டால் உரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் கையில் படக்கூடாது, சாக்கடையில் ஊற்றவும் கூடாது. வேறு வழியில்லை என்றால் மட்டும்.

உலோகத்துக்கு அசிட்டோன் தாராளமாகப் போடலாம், சீக்கிரம் முடியும். ஃபெவிக்விக் வைத்து ஒட்டிய கை, வாள் எல்லாம் தனித்தனியாகக் கழன்றுவிடும். ஊறப் போடும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன் ஒரு சோதனை. உலோகத்தைச் சுரண்டிய இடத்தை வெள்ளைத்தாளில் இழுங்கள். பென்சில் கோடு மாதிரி சாம்பல் நிறத்தில் விழுந்தால் ஈயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1990களுக்கு முந்தைய பொம்மைகளில் ஈயம் சகஜம். அவற்றை வினிகரில் போடக் கூடாது. ஈயத்தை அது அரித்து, நச்சான ஈய அசிட்டேட் ஆக்கிவிடும். மர அலமாரியில் அடைத்து வைத்தாலும் மரத்திலிருந்து வரும் அமில ஆவியில் பொம்மை மேல் வெள்ளையாகப் பொடி பூக்கும்.

பழைய கேட் பெயின்டை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்கவும் வேண்டாம். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவில் எவ்வளவு இருந்தது என்று யார் கண்டது? அந்தத் தூசியை மூச்சில் இழுக்காதீர்கள்.

விளாச்சேரி ரோடு:
எல்லாரும் சிப்பாயையே பார்க்கிறீர்கள், செட்டியாரை யாரும் கவனிக்கவில்லை. தம்பி, அவரை எதிலும் முக்காதீர்கள். ஐ.பி.ஏ., டெட்டால், தண்ணீர் எதுவும் கூடாது. விளாச்சேரியில் களிமண்ணிலும் செய்கிறார்கள், காகிதக் கூழிலும் செய்கிறார்கள். சுட்ட மண்ணாக இருந்தாலும் உறிஞ்சும். சுடாத மண் ஊறினால் சேறு. காகிதக் கூழ் உப்பி வாயைப் பிளக்கும். செட்டியாருக்குத் தொப்பை ஏற்கெனவே போதும்.

என்னைக் கேட்டால் முழுக்க உரிக்கவே கூடாது. பழைய கைவேலையின் அழகு பாதி அந்த முகத்துக் கோட்டில்தான் இருக்கிறது, அது போனால் திரும்ப வராது. மென்மையான உலர்ந்த பிரஷால் தூசி தட்டுங்கள். வேட்டியில் தூக்கி நிற்கும் செதிலை நகத்தால் பிய்க்காமல், சன்னமான பிரஷால் துளி பசையை அடியில் விட்டு அழுத்தி ஒட்டுங்கள். வெறும் மண் தெரியும் இடத்தில் மட்டும் வெள்ளை தொட்டு வையுங்கள். அதுவும் கை நடுங்குமென்றால் விளாச்சேரிக்கே எடுத்துப் போய்க் கேளுங்கள், திருநகரிலிருந்து எவ்வளவு தூரம்! நவராத்திரி நெருக்கத்தில் போகாதீர்கள், அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

திருநகர் தம்பி:
அக்கா, அண்ணே, எல்லாருக்கும் நன்றி. பிளாஸ்டிக் சிப்பாய்களை ஐ.பி.ஏ.வில் போட்டு எடுத்தாயிற்று. பச்சை அடுக்கு உரிந்த பிறகு அடியில் மீசையோடு ஒரு முகம் இருக்கிறது, பொத்தான் வரிசைகூட இருக்கிறது. ஆனால் அங்கி மடிப்பிலும் கழுத்திலும் சிவப்பு போகவே மாட்டேன் என்கிறது. பிளாஸ்டிக்கே லேசாகச் சிவந்திருக்கிறது. மறுபடி ஊற வைக்கவா?

தூரிகைப் பித்தன்:
பல் குத்தும் குச்சியால் மடிப்பைக் கீறிப் பாருங்கள். ஏதாவது சுருண்டு வந்தால் பெயின்ட் பாக்கி, இன்னொரு முறை போடலாம். ஒன்றும் வரவில்லை என்றால் அது வெறும் கறை. கறைக்குத் தடிப்பு கிடையாது, பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தால் மறைந்துவிடும். கடைசிச் சிவப்புப் புள்ளி வரை துரத்தினால் பிரஷ் பட்டு மீசைதான் தேயும்.

பிரைமர் அடிக்கும் முன் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள், வெயிலில் வைக்காமல் ஃபேன் காற்றில். மெல்லிய வாள் இங்கே கார் டேஷ்போர்டு சூட்டிலேயே வளைந்துவிடும்.

லேப் உதவியாளர்:
பயன்படுத்திய ஐ.பி.ஏ.வைக் கொட்டாதீர்கள். அசையாமல் வைத்தால் பெயின்ட் அடியில் தங்கும். மேலே தெளிந்ததைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி வைத்தால் அடுத்த கும்பலுக்கு ஆகும். அடிக் கசடைச் செய்தித்தாளில் கொட்டி, வெளியே நெருப்பு இல்லாத இடத்தில் காயவைத்து, மடித்துக் கட்டி, அபாயக் கழிவு என்று சொல்லியே குப்பை எடுக்க வருபவரிடம் தனியாகக் கொடுங்கள்.

பழங்காநத்தம் புதுசு:
பிசின் விட்டுவிட்டது அக்கா. பிரஷ் தேறவில்லை.