நாவல் எழுதும் அம்மாக்களே, விட்ட இடத்தை எப்படிப் பிடிக்கிறீர்கள்?

தறிநாடா:

கரூரிலிருந்து எழுதுகிறேன். மூத்தவன் இரண்டாம் வகுப்பு. சின்னவள் இன்னும் பால்வாடிக்குக்கூடப் போகவில்லை. கணவருக்கு ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை. கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் வாரங்களில் அவர் வீட்டில் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். மாமியார் உடன் இருக்கிறார், நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இப்படி ஒரு கேள்வி கேட்டால் எல்லோரும் உடனே மாமியாரைத்தான் தேடுகிறீர்கள்.

சிறுகதையில் எனக்குச் சிரமம் இல்லை. மாவு அரைக்கும்போதும் துணி காயப்போடும்போதும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்து, இரவில் எழுதி இறக்கிவிடலாம். நாவல் அப்படி மசிய மாட்டேன் என்கிறது. பெட்ஷீட் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் சரசு என்கிற பெண்ணின் கதை. பாதி முடிந்துவிட்டது. தீபாவளிக்கு முன்பு அவளைப் பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அதற்குள் சின்னவளுக்குக் காய்ச்சல், பிறகு பலகாரம், பிறகு மூத்தவனுக்கு அரையாண்டுத் தேர்வு. சரசு இன்னும் பஸ் ஏறவில்லை.

நேரமே இல்லை என்று புலம்ப மாட்டேன். குழந்தைகள் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் கிடைக்கத்தான் செய்கிறது. அதில் முக்கால்வாசி, பழைய பக்கங்களைப் புரட்டி யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று தேடுவதிலேயே கரைந்துவிடுகிறது. ஒருவழியாகக் கதைக்குள் இறங்கும்போது, ‘அம்மா, தண்ணீர்.’

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்திருங்கள் என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். நான் எழுந்தால் சின்னவளும் எழுந்துவிடுவாள்.

மாசிவீதி:

நேரம் அல்ல, தொடர்ச்சிதான் சிக்கல் என்று நீங்களே பிடித்துவிட்டீர்கள். என் இரண்டு பிள்ளைகளும் சின்னவர்களாக இருந்தபோது நான் செய்ததைச் சொல்கிறேன்.

ஒரு காட்சி முடிந்த இடத்தில் எழுந்திருக்கவே மாட்டேன். அடுத்த வரி என்னவென்று தெரிந்திருக்கும்போதே நிறுத்திவிடுவேன். எழுவதற்கு முன் ஒரு சீட்டு எழுதி நோட்டில் செருகிவைப்பேன். யார் எங்கே நிற்கிறார்கள், அடுத்து வாயைத் திறக்கப்போவது யார், அவ்வளவுதான். ‘சரசு நிழற்குடைக்கு வெளியே நிற்கிறாள். இடது செருப்பின் வார் அறுந்திருக்கிறது. ஈரோடு பஸ் போய்விட்டதா என்று பூக்காரம்மாவிடம் கேட்கப்போகிறாள்.’ மறுநாளோ மறுமாதமோ அந்தச் சீட்டை மட்டும் படித்துவிட்டு எழுத உட்காருங்கள். பழைய பக்கங்களைத் தொடாதீர்கள். தொட்டால் திருத்தத் தோன்றும். திருத்த ஆரம்பித்தால் அந்த இரவு போயிற்று. பெயர், வயது, உறவுமுறை இவற்றுக்குத் தனியாக ஒரு பக்கம் போதும். எனக்கு அது பால் கணக்கு நோட்டின் கடைசித் தாளில் இருந்தது.

இன்னொன்று. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்பதால் பதிப்பகத்தார் அதற்குச் சில மாதங்கள் முன்பே கைப்பிரதியைக் கேட்பார்கள். கொலு, தீபாவளி, அரையாண்டு எல்லாம் அந்த மாதங்களில்தான் வந்து குவிகின்றன. இந்தக் கணக்கைப் போட்டவர் வீட்டில் முறுக்கு சுற்றியிருக்க மாட்டார். அந்தத் தேதியைத் துரத்தாதீர்கள். பள்ளி திறந்து, நோட்டுகளுக்கு அட்டை போட்டு முடித்த பிறகு வரும் ஜூலை, ஆகஸ்டில்தான் என் நாவல்கள் நகர்ந்தன.

திண்ணைவாசி:

வை.மு.கோதைநாயகி அம்மாள் எழுதத் தொடங்கிய காலத்தில் அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். பிறகுதான் தாமே எழுதக் கற்றுக்கொண்டார்; 1925 முதல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை நடத்தினார், நூறு நாவல்களுக்கு மேல் எழுதினார். நமக்குப் பட்டம்மாள் கிடைக்கமாட்டார், கைப்பேசி கிடைக்கும். துணி மடிக்கும்போது வசனங்களை அதில் பேசிவிடுகிறேன், அதுவே எழுத்தாக்கிவிடுகிறது. ல, ள, ழ மூன்றையும் கண்டபடி குழப்பும், முற்றுப்புள்ளியை நான்தான் போடவேண்டும். வசனத்துக்கு இது போதும். வர்ணனைக்கு ஒத்துவரவில்லை, வாயால் சொன்னால் எனக்கு அது மேடைப் பேச்சாகிவிடுகிறது.

கிணற்றடி:

சீட்டும் கைப்பேசியும் இருக்கட்டும். கவிஞர் சல்மா வீட்டாருக்குத் தெரியாமல் இரவில் குளியலறைக்குள் நின்று எழுதியதை எல்லோரும் சிலிர்த்துப்போய்ச் சொல்கிறோம். வேறு வழியில்லாமல் ஒருவர் பட்ட பாட்டை மற்றவர்களுக்குப் பாடத்திட்டம் ஆக்கிவிடுகிறோம் என்பதுதான் என் எரிச்சல். என் மகள் எழுத வந்தால் மேசை போட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதவேண்டும்.

தறிநாடா, மாமியாருக்கு நற்சான்றிதழ் கொடுத்தீர்கள். கணவர் ஒரே வரியில் வந்து மறைந்துவிட்டார். கப்பல் இல்லாத வாரங்களில் அவர் என்ன செய்கிறார்? அந்தத் தண்ணீரை அவர் எடுத்துக்கொடுத்தால் குழந்தை குடிக்காதா?

மூன்றாம்படி:

நான் எழுதுகிறவள் இல்லை, எழுதுகிறவரின் மகள். அம்மா எழுதும்போது கூப்பிட்டால் ‘இந்த வரி முடியட்டும்’ என்பார். அந்த வரி முடிந்து நான் பார்த்ததில்லை. கோபம் வரும். ஆனால் கதையில் சின்னப் பெண் யாராவது பேசினால் என்னைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக்காட்டி, ‘நீ என்றால் இப்படிச் சொல்வாயா?’ என்று கேட்பார். சொல்லமாட்டேன் என்றால் அந்த வரியை என் எதிரிலேயே அடித்துவிடுவார். பள்ளியில் வேறு யாருக்கும் அப்படிப்பட்ட அதிகாரம் இருந்ததில்லை. உங்கள் மூத்தவனிடம் கேட்டுப்பாருங்களேன்.

தறிநாடா:

எல்லோருக்கும் நன்றி. கிணற்றடி அக்கா, நியாயமான அடி. அவரிடம் கேட்டேன். ‘இந்த ஷிப்மென்ட் முடியட்டும்’ என்றார், அது எங்கள் ஊரில் முடியாத ஒன்று. இருந்தாலும் ஞாயிறு காலை இருவரையும் கூட்டிக்கொண்டு பசுபதீஸ்வரர் கோயிலுக்குப் போனார். சின்னவளின் மாற்றுச் சட்டை எங்கே என்று அங்கிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை.

மாசிவீதி அக்கா, உங்கள் சீட்டை எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. சரசு எந்த ஊருக்குப் போகிறாள் என்பதே என்னிடம் இல்லை. அவள் அங்கேயே நின்றதற்குக் காய்ச்சலும் தேர்வும் மட்டும் காரணம் இல்லை போலிருக்கிறது. இதைக் கணவரிடம் சொல்லப்போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

திண்ணைவாசி, கைப்பேசியில் பேசிப் பார்த்தேன். ‘அக்கட்ட’ (அந்தப் பக்கம்) என்று சொன்னால் ‘அக்கா’ என்று போடுகிறது. கொங்குப் பேச்சு முழுவதும் இப்படித்தான் கெடுகிறது. வட்டார வழக்கில் எழுதுகிறவர்கள் இதற்கு என்ன செய்கிறீர்கள்? வெறும் ஒலிப்பதிவாக வைத்துக்கொண்டு பிறகு கேட்டு எழுதுவதா, வேறு வழி இருக்கிறதா?